காய்ச்சல் இறங்கியதை நம்பினோம்: கண்ணில் படும் அறிகுறிகளை எப்படி எடைபோடுவது?

கேள்வி: ஜெலுத்தோங், பினாங்கு

அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்லி, அதிலிருந்து எழுந்த கேள்வி ஒன்றைக் கேட்க விரும்புகிறேன். என் தம்பிக்கு வயது 19. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அவனுக்குக் காய்ச்சல் கண்டது. செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்து, டிங்கி, அதாவது டெங்குக் காய்ச்சல்தான் என்று உறுதி செய்து, காய்ச்சல் தீரும்வரை நாள்தோறும் வந்து இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னார்கள். புதன்கிழமையும் போய் வந்தோம். வியாழக்கிழமை காலை அம்மா வழக்கம்போல் அவன் நெற்றியிலும் கழுத்திலும் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "காய்ச்சல் விட்டுவிட்டது" என்றார். வெப்பமானியும் 37.2 என்றுதான் காட்டியது. நான்கு நாட்களாகத் தூக்கம் இல்லாமல் இருந்த எங்கள் எல்லோருக்கும் அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. "காய்ச்சல்தான் விட்டுவிட்டதே, இன்றைக்கு எதற்கு மறுபடியும் ஊசி குத்த வேண்டும்" என்று சொன்னவன் நான்தான். அன்று கிளினிக்குக்குப் போகவில்லை.

அன்று மதியம் அவன் கால்விரல்கள் சில்லென்று இருப்பதைக் கவனித்த அம்மா, காய்ச்சல் இறங்கிய குளிர்ச்சி என்று எண்ணி, கோடாலித் தைலத்தை உள்ளங்காலில் தேய்த்துப் போர்வையை இழுத்துவிட்டார். கலக்கிக் கொடுத்த மைலோவில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. எப்போதும் கைப்பேசியைக் கேட்டு நச்சரிப்பவன் அன்று கேட்கவே இல்லை. களைப்பாக இருக்கிறான், தூங்கட்டும் என்று விட்டோம். மாலை ஐந்து மணிக்கு மேல் மூன்று முறை வாந்தி எடுத்தான், வயிறு வலிக்கிறது என்றான், கழிப்பறைக்குப் போக எழுந்தவன் கதவருகிலேயே சரிந்து விழுந்தான். மருத்துவமனையில் கை நரம்பில் உப்புநீர் ஏற்றி, இரண்டு நாட்கள் மணிக்கு மணி கவனித்தார்கள். இப்போது நலமாக இருக்கிறான்.

என் கேள்வி மருத்துவத்தைப் பற்றியது மட்டும் அன்று. அம்மா நான்கு பிள்ளைகளை வளர்த்தவர். எங்கள் அனைவரின் காய்ச்சலையும் அந்தப் புறங்கையால் பார்த்தே சொன்னவர், அது பொய்த்ததாக எனக்கு நினைவில்லை. அன்றிரவு மருத்துவமனைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்துகொண்டு அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார்: கால் சில்லிட்டிருந்தது, மைலோ மிஞ்சியிருந்தது, பேச்சே இல்லை, காலையிலிருந்து அவன் சிறுநீர் கழிக்கவும் போகவில்லை. ஒன்றுகூட அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. எல்லாவற்றையும் பார்த்த ஒருவர் எப்படித் தவறான முடிவுக்கு வர முடியும்? இனிமேல் கைப்பழக்கத்தை நம்புவதா, எண்களை மட்டும் நம்புவதா? இதை நான் கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இப்போதெல்லாம் அக்காவின் குழந்தைக்கு உடல் சற்றே சுட்டாலும், "நீ தொட்டுப் பார் ஐயா, என் கைக்கு ஒன்றும் தெரியவில்லை" என்று அம்மா என்னை அழைக்கிறார். அதைக் கேட்கும்போது எனக்குத் தாங்கவில்லை.

பதில் 1: ஓய்வுபெற்ற தாதி, செந்தூல், கோலாலம்பூர்

தம்பி, வணக்கம். உங்கள் தம்பி நலமாக இருப்பதைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. நான் 31 ஆண்டுகள் அரசு மருத்துவமனைகளில் தாதியாக இருந்தவள். பாதிக் காலம் பொது வார்டு, பாதிக் காலம் பிரசவ அறை. முதலில் நோயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான விடையில் பாதி அங்கேயே இருக்கிறது.

டிங்கியில் காய்ச்சல் பொதுவாக இரண்டு முதல் ஏழு நாட்கள் வரை இருக்கும். காய்ச்சல் இறங்கும் நேரம், பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் வருவது, அதுதான் நோயின் ஆபத்தான கட்டம் தொடங்கும் நேரமும் ஆகும். அப்போது சிறிய இரத்தக் குழாய்களின் சுவர் நெகிழ்ந்து, இரத்தத்தில் உள்ள நீர்ப்பகுதி வெளியே கசியத் தொடங்கும். கசிவு அதிகமானால் குழாய்களுக்குள் மிஞ்சும் இரத்தம் கெட்டியாகும், அதன் அளவு குறையும். உடல் தன்னைக் காத்துக்கொள்வதற்காக, கை கால்களுக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்து இதயத்துக்கும் மூளைக்கும் அனுப்பும். உங்கள் தம்பியின் விரல்கள் சில்லிட்டதும், சிறுநீர் வராமல் போனதும் அதனால்தான். இந்தக் கட்டம் பெரும்பாலும் 24 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரம்வரை நீடிக்கும். காய்ச்சல் விட்ட பிறகு பெரும்பாலோர் நன்றாகவே தேறிவிடுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் மோசமாகிறவர்கள் மோசமாவது அந்த மணி நேரங்களில்தான். நாள்தோறும் இரத்தம் எடுக்கச் சொல்வதும் அதற்காகவே. இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் வேகமாகக் குறைந்து, அதே நேரத்தில் இரத்தத்தின் அடர்த்தி ஏறினால், கசிவு தொடங்கிவிட்டது என்று வெளியே ஒன்றும் தெரியாதபோதே ஊகித்துவிடலாம்.

கடும் வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், வழக்கத்துக்கு மாறான சோர்வு அல்லது அமைதியின்மை: இவற்றில் ஒன்று தெரிந்தாலும், வெப்பமானி என்ன காட்டினாலும், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உங்கள் தம்பியின் மௌனமும் அந்த வரிசையில் ஒன்று. வார்டில் என்னுடன் பணியாற்றிய மூத்த தாதி ஒருவர், காய்ச்சல் இறங்கிய டிங்கி நோயாளியின் படுக்கைக்குப் போனதும் முதலில் நெற்றியைத் தொடமாட்டார். பாதத்தைப் பிடிப்பார். பிறகு விரல் நகத்தை ஐந்து விநாடி அழுத்திவிட்டு, வெளுத்த நிறம் சிவந்து திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பார். இரண்டு விநாடிக்குள் திரும்பினால்தான் அடுத்த படுக்கைக்குப் போவார்.

இனி உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். எல்லாவற்றையும் பார்த்த ஒருவர் எப்படித் தவறலாம் என்று கேட்டிருந்தீர்கள். பார்ப்பது ஒரு வேலை, பார்த்தவற்றைச் சேர்த்து ஒரு முடிவாக்குவது வேறொரு வேலை. இதை நான் பிரசவ அறையில் கற்றுக்கொண்டேன். அந்தக் காலத்தில் பிறந்த குழந்தைகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு "நன்றாக இருக்கிறது" என்று சொல்லும் வழக்கம் பல நாடுகளில் இருந்தது. நியூயார்க்கில் மயக்க மருந்து நிபுணராக இருந்த வர்ஜீனியா அப்கார் 1952இல் ஒரு முறையை முன்வைத்தார். அடுத்த ஆண்டு அதை வெளியிட்டார். இதயத் துடிப்பு, மூச்சு, தசையின் விறைப்பு, தூண்டினால் முகம் சுளிப்பது, தோலின் நிறம் என்று ஐந்தே அறிகுறிகள். ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2 மதிப்பெண், மொத்தம் 10. அந்த ஐந்தில் ஒன்றுகூட அவர் புதிதாகக் கண்டுபிடித்தது அன்று. எந்த மருத்துவச்சியும் அவற்றைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒன்றையும் விடாமல் ஒவ்வொன்றாகப் பார், ஒவ்வொன்றுக்கும் எண் கொடு, பிறகு கூட்டு என்று வரிசைப்படுத்தியது மட்டுமே அவர் செய்தது. குழந்தை வீறிட்டு அழுதால் நம் மனம் அங்கேயே நிறைந்துவிடும். நீலம் பாரித்த உதட்டை அது பின்னுக்குத் தள்ளிவிடும். ஐந்தையும் வரிசையாக எழுதி மதிப்பெண் போடும் தாள் கையில் இருந்தால் மனம் அப்படி அவசரப்பட முடியாது.

உங்கள் அம்மாவுக்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன். நான்கு நாட்களாக அவர் எதிர்பார்த்துக் காத்திருந்த ஓர் அறிகுறி வந்தது. வந்தவுடன் அது மற்ற எல்லாவற்றுக்கும் பொருள் சொல்லத் தொடங்கிவிட்டது. குளிர்ந்த பாதம் காய்ச்சல் விட்டதன் அடையாளமாகவும், மௌனம் தூக்கமாகவும் மாறின. அவர் கை பொய் சொல்லவில்லை. அதை அவரிடம் சொல்லுங்கள்.

பதில் 2: உளவியல் விரிவுரையாளர், கோலாலம்பூர்

வணக்கம். தாதி அம்மா எழுதியதற்குப் பிறகு நான் சேர்க்க வேண்டியது குறைவு. இருந்தாலும், இந்தக் கேள்வியை எங்கள் துறையில் எழுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டு வருகிறார்கள் என்பதால் சிலவற்றைச் சொல்கிறேன்.

புடாபெஸ்டில் 1903இல் பிறந்து, வியன்னாவில் பயின்று, பின்னர் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய எகோன் பிரன்ஸ்விக் என்ற உளவியலாளர் இதற்கு ஒரு நல்ல படம் வரைந்து காட்டினார். நாம் அறிய விரும்பும் பொருள் எப்போதும் தொலைவில், மறைவில் இருக்கிறது. உங்கள் வீட்டில் அது இரத்தக் குழாயின் கசிவு. அதிலிருந்து பல அறிகுறிகள் ஒளிக்கதிர்கள்போல் சிதறி நம்மை நோக்கி வருகின்றன. மனம் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியைப்போல் அவற்றை மீண்டும் ஒரு புள்ளியில் குவித்து, "இதுதான்" என்று முடிவு சொல்கிறது. இதில் அளக்க வேண்டியவை இரண்டு. ஓர் அறிகுறி உண்மையோடு எவ்வளவு இறுக்கமாகப் பிணைந்திருக்கிறது என்பது ஒன்று. நாம் அந்த அறிகுறிக்கு எவ்வளவு இடம் கொடுக்கிறோம் என்பது மற்றொன்று. இரண்டும் ஒத்துப்போகும் இடத்தில் நம் கணிப்பு பலிக்கும்.

பிரன்ஸ்விக் அழுத்திச் சொன்ன இன்னொரு கருத்து எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. அறிகுறிக்கும் உண்மைக்கும் உள்ள பிணைப்பு எல்லாச் சூழலிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சளிக் காய்ச்சலிலும் தொண்டைக் காய்ச்சலிலும் உடல் சூடு இறங்குவது நலத்தின் நம்பகமான அடையாளம். உங்கள் அம்மா இருபது, முப்பது ஆண்டுகளாகக் கற்றது அந்தச் சூழலில்தான், சரியாகவும் கற்றிருக்கிறார். செவ்வாய்க்கிழமை டிங்கி என்று தெரிந்த கணத்தில் சூழல் மாறிவிட்டது. "காய்ச்சல் வந்தவர்களில் சூடு இறங்கினால் என்ன பொருள்?" என்ற பழைய கேள்விக்கு அவர் கை விடை சொல்லிக்கொண்டிருந்தது. "டிங்கி உறுதியானவர்களில் ஐந்தாம் நாள் சூடு இறங்கினால் என்ன பொருள்?" என்ற புதிய கேள்வியை யாரும் அதனிடம் கேட்கவில்லை.

சூழல் மாறினால் ஒரே அறிகுறியின் எடை எப்படி மாறும் என்பதைக் கணக்காகப் பார்த்தால் தெளிவாகும். கீழே உள்ள எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. காய்ச்சல் வந்த 1,000 பேரில் 50 பேருக்கு டிங்கி என்று கொள்வோம். கண்ணுக்குப் பின்னால் வலி என்ற அறிகுறி டிங்கி உள்ளவர்களில் ஐந்தில் நால்வருக்கும், இல்லாதவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். டிங்கி உள்ள 50 பேரில் 40 பேருக்கு அந்த வலி இருக்கும்; மற்ற 950 பேரில் 190 பேருக்கும் இருக்கும். ஆக, வலி உள்ள 230 பேரில் 40 பேருக்குத்தான் டிங்கி, அதாவது ஏறத்தாழ ஆறில் ஒருவர். இப்போது அக்கம்பக்கமெல்லாம் டிங்கி பரவி, அதே 1,000 பேரில் 400 பேருக்கு நோய் இருக்கும் நிலையை எண்ணிப் பாருங்கள். வலி உள்ளவர்கள் 320 பேரும் 120 பேரும் சேர்ந்து 440 பேர். அவர்களில் 320 பேருக்கு டிங்கி, அதாவது நான்கில் மூவருக்குச் சற்றுக் குறைவு. வலி அதே வலிதான். அது சொல்லும் செய்தி முற்றிலும் வேறு. அறிகுறி எவ்வளவு அச்சு அசலாகப் பொருந்துகிறது என்பதில் மனம் லயித்துவிட்டு, எத்தனை பேரில் எத்தனை பேர் என்பதை மறந்துவிடுகிறது என்று ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1974இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் விளக்கினார்கள். இதையே விழுக்காடாகச் சொன்னால் மருத்துவர்களே தடுமாறுகிறார்கள், இத்தனை பேரில் இத்தனை பேர் என்று சொன்னால் பலர் சரியாகக் கணக்கிடுகிறார்கள் என்பதை ஜெர்மனியின் கெர்ட் கிகெரென்சரும் உல்ரிக் ஹோஃப்ராகேயும் 1990களில் காட்டினார்கள். நானும் மாணவர்களுக்குத் தலைகளை எண்ணித்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

தாதி அம்மா சொன்ன "கூட்டுவது வேறு வேலை" என்பதற்கும் வலுவான ஆதாரம் உண்டு. பால் மீல் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954இல், நிபுணரின் கணிப்பையும், எளிய வாய்பாட்டின், அதாவது அறிகுறிகளுக்கு எண் கொடுத்துக் கணக்கிடும் சூத்திரத்தின் கணிப்பையும் ஒப்பிட்ட ஏறத்தாழ இருபது ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வாய்பாடு நிபுணருக்கு இணையாகவோ மேலாகவோ இருப்பதைக் கண்டார். ராபின் டாஸ் 1979இல் இன்னும் ஒரு படி மேலே போனார். சரியான அறிகுறிகளைத் தேர்ந்தெடுத்துவிட்டால், ஒவ்வொன்றுக்கும் ஒரே எடை கொடுத்து வெறுமனே கூட்டினாலேயே பெரும்பாலும் மனிதரின் மொத்தக் கணிப்பை அது மிஞ்சிவிடுகிறது என்றார். எதைப் பார்க்க வேண்டும் என்று அறிவதில் மனிதர் வல்லவர். பார்த்தவற்றைத் தலைக்குள் கூட்டுவதில் மனிதர் பலவீனமானவர். நீங்கள் கேட்ட "கையா, எண்ணா" என்பதற்கு என் விடை இதுதான்: அம்மாவின் கண் தேர்ந்தெடுக்கட்டும், தாள் கூட்டட்டும்.

ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிட வேண்டும். மீல் அவர்களே தந்த உதாரணம் அது. ஒரு பேராசிரியர் இன்றிரவு திரைப்படம் பார்க்கப் போவார் என்று வாய்பாடு சொல்கிறது. ஆனால் காலையில் அவர் கால் எலும்பு முறிந்துவிட்டது நமக்குத் தெரியும். அப்போது வாய்பாட்டைக் கைவிடத்தான் வேண்டும். பட்டியலில் இல்லாத, ஆனால் எல்லாவற்றையும் மாற்றிவிடும் அப்படிப்பட்ட ஒன்றைப் பார்க்கத் தாய்க்கு ஈடு யாரும் இல்லை. வாய்பாட்டைக் கைவிடும் உரிமையை எல்லா நாளும் எடுத்துக்கொண்டால் மட்டும் பழைய இடத்துக்கே வந்துவிடுவோம்.

பதில் 3: தரப் பரிசோதனைப் பிரிவு, பாயான் லெப்பாஸ்

அண்ணா, வணக்கம். நான் பாயான் லெப்பாஸில் மின்னணுப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில், உருப்பெருக்கியின் கீழ்ப் பொருளைப் பார்த்து நல்லது, கெட்டது என்று பிரிக்கும் பகுதியில் வேலை செய்கிறேன். ஒரு கோணத்தை மட்டும் சேர்க்கிறேன்.

எங்கள் வேலையில் இரண்டு வகைத் தவறுகள் உண்டு: கெட்ட பொருளை நல்லதென்று அனுப்பிவிடுவது, நல்ல பொருளைக் கெட்டதென்று தள்ளிவிடுவது. வாடிக்கையாளரிடமிருந்து ஒரு புகார் வந்துவிட்டால், அடுத்த வாரம் நாங்கள் எல்லோரும் முன்பைவிட அதிகமாகத் தள்ளுவோம். கண் கூர்மையாகிவிட்டது என்று புதியவர்கள் எண்ணிக்கொள்வார்கள். உண்மையில் கண் அப்படியேதான் இருக்கிறது; எந்த அளவு கீறலைக் குறை என்று சொல்வது என்ற கோட்டை மட்டும் கீழே இறக்கியிருக்கிறோம். கெட்டது தப்புவது குறையும், கூடவே நல்லது வீணாவது கூடும். இரண்டையும் ஒரே நேரத்தில் குறைக்க வேண்டுமானால் வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும், நல்ல கண்ணாடி வேண்டும், அல்லது வேறு ஒரு சோதனையைச் சேர்க்க வேண்டும். கோட்டை நகர்த்துவதால் அது நடக்காது.

உங்கள் அம்மா இப்போது குழந்தையின் சிறு சூட்டுக்கும் உங்களை அழைப்பது, புகார் வந்த வாரத்தில் நாங்கள் செய்வதுதான். அவர் கை பழுதாகவில்லை, கோடு இறங்கியிருக்கிறது. ஆனால் கோடு எங்கே இருக்க வேண்டும் என்பதை எந்தத் தவறுக்கு விலை அதிகம் என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். டிங்கி உறுதியான ஒருவரை வீணாக ஒரு முறை கிளினிக்குக்கு அழைத்துப் போனால் ஒரு காலைப் பொழுதும் கொஞ்சம் பணமும் போகும். போகாமல் விட்டால் என்னவாகும் என்பதை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். அங்கே கோடு மிகத் தாழ்வாகவே இருக்கட்டும். மூக்கொழுகும் பிள்ளையின் சாதாரணச் சூட்டுக்குப் பழைய இடத்திலேயே இருக்கட்டும். ஒரு வீட்டில் ஒரே கோடுதான் இருக்க வேண்டும் என்பதில்லை.

பதில் 4: டுரியான் தோட்டம், பாலிக் புலாவ்

வணக்கம். படித்தவர்கள் எழுதிய பிறகு எழுதத் தயக்கமாக இருந்தது. ஆனால் அனுபவத்தை இவ்வளவு எளிதாகத் தாளுக்குக் கீழே வைத்துவிடுவதில் எனக்குச் சம்மதமில்லை, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் தோட்டத்தில் டுரியானை மரத்திலிருந்து பறிப்பதில்லை; பழுத்துத் தானாக வலையில் விழுந்ததைத்தான் எடுக்கிறோம். பருவத்தில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான பழங்கள் என் கை வழியாகப் போகும். முள்ளோடு இருக்கும் ஓட்டுக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. காம்பின் வெட்டுவாய் ஈரமாக இருக்கிறதா, காய்ந்து சுருங்கிவிட்டதா என்று பார்ப்பேன். காதருகே வைத்து மெல்ல அசைத்தால், சுளை ஓட்டிலிருந்து விலகியிருக்கும் பழம் உள்ளே மெத்தென்று ஒரு சிறு அசைவைக் கொடுக்கும். அடிப்பகுதியில் ஓடு பிரியும் கோட்டில் மூக்கை வைப்பேன். பூச்சி துளைத்த ஓட்டையும், அதன் வாயில் பொடியும் இருக்கிறதா என்று சுற்றிப் பார்ப்பேன். முந்தின இரவு கனமழை பெய்திருந்தால் மணம் நன்றாக இருந்தாலும் சுவை நீர்த்திருக்கும் என்று கழித்துக்கொள்வேன். எனக்குத் தெரிந்து இவற்றில் தனியாக நம்பத் தகுந்தது ஒன்றுமில்லை. காம்பைப் பொய்யாக்கலாம், புதிதாக ஒரு சீவு சீவி, ஈரத்துணியில் சுற்றி வைத்தால் நேற்றைய பழம் இன்றைய பழமாகத் தெரியும்.

இருந்தும் நான் தேர்ந்தெடுக்கும் பழம் பெரும்பாலும் ஏமாற்றுவதில்லை. காரணம் என்னவென்று இந்த உரையாடலைப் படித்த பிறகுதான் யோசித்தேன். வாடிக்கையாளர் முன்னாலேயே ஓட்டைப் பிளந்து காட்டுகிறேன். சரியா, தவறா என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும், தவறினால் அந்த இடத்திலேயே வேறு பழம் கொடுக்க வேண்டும். முப்பது ஆண்டுகளாக நாளொன்றுக்கு நூறு முறை எனக்கு விடை கிடைத்திருக்கிறது. உங்கள் தாயாருக்கு அப்படி விடை கிடைத்ததில்லை. பிள்ளைகளின் காய்ச்சல் அவர் கை சொன்னாலும் சொல்லாவிட்டாலும் தானாக இறங்கியிருக்கும். அதனால் கை சரியாகச் சொன்னதாகவே ஒவ்வொரு முறையும் தோன்றியிருக்கும்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நான் ஒதுக்கிவைக்கும் பழங்களை யாரும் பிளந்து பார்ப்பதில்லை, அவை குவியலாக மலிவு விலைக்குப் போய்விடும். சில ஆண்டுகளுக்கு முன் என் மகள், "அப்பா, நீங்கள் தள்ளியது உண்மையிலேயே கெட்டதா என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். அன்று தள்ளியதில் இருபது பழங்களை எடுத்துப் பிளந்தோம். ஏழு பழங்கள் முதல் தரமாக இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை வடிவம் கோணலாக இருந்தவை. கோணல் பழத்தில் சுளை குறைவாக இருக்கும், அது உண்மை. ஆனால் இருக்கும் சுளை நன்றாக இருக்கிறதா என்பதற்கும் கோணலுக்கும் தொடர்பில்லை என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. முப்பது ஆண்டு அனுபவம் எனக்கு அதைச் சொல்லித்தரவே இல்லை, ஏனென்றால் அந்தப் பக்கத்து விடையை நான் ஒருபோதும் பார்த்ததில்லை.

பதில் 5: கேள்வி கேட்டவர், ஜெலுத்தோங்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு எல்லாப் பதில்களையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். டுரியான் தோட்டத்து ஐயா எழுதிய இடம் வந்ததும், "அந்தப் பக்கத்தைத் திரும்ப வாசி" என்று கேட்டுக்கொண்டார். வாசித்து முடித்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "உங்கள் காய்ச்சலெல்லாம் நான் சொல்லாமலே இறங்கியிருக்கும், இல்லையா?" என்றார். நான் என்ன சொல்வதென்று தெரியாமல் இருந்தேன். "இறங்கட்டும், அதுதானே வேண்டும்" என்று அவரே சொல்லிக்கொண்டார்.

இன்று காலை ஒரு தாளில் கோடு போட்டு, குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறோம். நேரம், வெப்பமானி காட்டும் அளவு, எத்தனை குவளை நீர் குடித்தார், கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தார், வாந்தி, வயிற்று வலி என்று பத்திகள். மேலே பெரிய எழுத்தில் "என்ன காய்ச்சல் என்று தெரியுமா? டிங்கி என்றால் எத்தனையாவது நாள்?" என்று எழுதினேன், விரிவுரையாளர் சொன்னதுபோல் கேள்வி மாறிவிட்டதை முதலில் நினைவூட்டுவதற்காக. நான் எழுதி முடித்த பிறகு அம்மா பேனாவை வாங்கி, இரண்டு பத்திகளைத் தாமாகச் சேர்த்தார். ஒன்று: "வழக்கம்போல் பேசுகிறானா, கைப்பேசி கேட்டானா?" மற்றொன்று: "பாதம்."

தாதி அம்மாவிடம் ஒரு கேள்வி. பாதத்தைத் தொட்டுப் பார்ப்பதை என்னிடம் விட்டுவிடச் சொல்கிறார், தன் கையில் இன்னும் நம்பிக்கை வரவில்லை என்கிறார். அவரே பார்க்கலாமா?

பதில் 6: ஓய்வுபெற்ற தாதி, செந்தூல்

தம்பி, அவரேதான் பார்க்க வேண்டும். வீட்டில் எல்லோரும் நலமாக இருக்கும் நாட்களிலும் உங்கள் பாதத்தை, உங்கள் தம்பியின் பாதத்தை, குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நலமாக இருக்கும்போது எப்படி இருக்கும் என்று தெரிந்த கைக்குத்தான் மாறினால் தெரியும். அவர் எழுதிய அந்த இரண்டு பத்திகளையும் தாளின் முதல் இடத்துக்குக் கொண்டுவாருங்கள்.

இன்னும் ஒன்று. தொடுவதற்கு முன் கையைத் துடைத்து, இரண்டு நிமிடம் உலரவிட்டுப் பிறகு தொடச் சொல்லுங்கள். பாத்திரம் கழுவிய ஈரக் கைக்கு எல்லாமே சூடாகத் தெரியும். அடுப்பருகில் நின்ற கைக்கு எல்லாமே குளிர்ச்சியாகத் தெரியும்.